முகம் வரையாத படம்

"அந்த மேசைய வெளிய எடுத்துடலாம்க்கா, இல்லன்னா கட்டில் உள்ள வராது" என்று பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் சொல்லி முடிப்பதற்குள் அவள் மேசைமேல் குனிந்து படங்களை அள்ளத் தொடங்கியிருந்தாள். அடுக்க நேரமில்லை. பெரிய தாள், சின்னத் தாள், அட்டையில் ஒட்டியது, ஒட்டாதது என்று கைக்கு வந்தபடி மார்போடு சேர்த்துப் பிடித்தாள்.

"நீங்க விடுங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்."

"வேணாம். கசங்கிடும்."

கணவர் இறந்த பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள்.

விடியும் நேரத்தில் மூச்சு நின்றிருந்தது. இருதயம் விரிந்துபோயிருக்கிறது என்று டாக்டர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். வெளியூரிலிருந்து மகன் பிற்பகலுக்குள் வந்துவிடுவான். அதுவரை அவரை முன்னறையில் கிடத்த வேண்டும், வருகிறவர்களுக்கு நாற்காலி போட வேண்டும், டீ சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் யார் யாரோ பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு இருந்ததெல்லாம் இந்தப் படங்களைப் பற்றிய கவலை. அதிலும் ஒரு படம். புருஷன் பக்கத்து அறையில் கிடக்கும்போது ஒருத்திக்கு இப்படி ஒரு கவலை வருமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். வந்திருந்தது.

மகனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். படங்களைக் கட்டிலில் கொட்டி, அந்த ஒன்றை மட்டும் தேடி எடுத்தாள்.

ஒரு வீட்டு வாசல். கதவு பாதி திறந்திருக்கிறது. நிலையில் ஒரு ஆள் நிற்கிறார், தோளில் பை, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. வருகிறாரா, போகிறாரா என்று சொல்ல முடியாது. சட்டைப் பொத்தானின் நான்கு துளைகளைக்கூட வரைந்திருந்த மாணவி, முகத்தை மட்டும் வெறும் தாளாக விட்டிருந்தாள். நேற்று மாலை வரை அது வெறும் தாளாக இருந்தது. இப்போது அங்கே ஒரு முகம் இருந்தது. மழமழவென்று சவரம் செய்து, தலை வாரி, வங்கி விளம்பரத்தில் சிரிக்கிற ஆளைப் போன்ற முகம். தாடை ஓரத்தில் மட்டும் கோடு நடுங்கியிருந்தது.

அலமாரியைத் திறந்து, மடித்து வைத்த விரிப்புகளுக்கு அடியில் அந்தப் படத்தைத் தள்ளினாள்.

பிறகு சமையலறைக்குப் போனாள். கலர் குழைத்த பீங்கான் தட்டு தொட்டிக்குள் கிடந்தது. பிரஷ்கள் டம்ளரில் இருந்தன. முன்னறையில் கட்டிலைத் தூக்கி வைக்கிற சத்தம் கேட்டது. யாரோ "மெதுவா, மெதுவா" என்றார்கள். அவள் தட்டைத் தேய்த்துக் கழுவினாள். மாநிறமான தண்ணீர் தொட்டியின் துளையைச் சுற்றிச் சுழன்று இறங்கியது. பிரஷ்களை ஒவ்வொன்றாக விரலால் நீவி அலசினாள். தண்ணீர் தெளிவாகும்வரை அலசினாள்.

"பாவம், கை சும்மா இருக்க மாட்டேங்குது பாருங்க" என்றாள் எதிர்வீட்டுத் தையல்காரி, பின்னால் நின்றவளிடம்.

"அழுதுட்டா நல்லது. உள்ளயே வச்சுக்கிட்டா அது வேற மாதிரி வந்து நிக்கும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இவர்கள் தன்மேல் காட்டும் இரக்கம், வேறு யாருடைய பார்சலையோ கையெழுத்துப் போட்டு வாங்குவதுபோல் இருந்தது.

அவள் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. நாளை பள்ளியின் ஆண்டு ஓவியக் கண்காட்சி. அந்தப் பள்ளிக்கு ஓவியத்தில் ஒரு பெயர் உண்டு. போட்டி எங்கே நடந்தாலும் ஒன்றிரண்டு பரிசாவது இங்கே வந்துவிடும். பிள்ளைகள் வரைந்து கொடுப்பார்கள், அவள் வீட்டுக்குக் கொண்டுபோவாள், சில நாள் கழித்துப் படங்கள் திரும்பி வரும். கோணிக்கொண்டு நின்ற பானை நேராகியிருக்கும். தட்டையான மரத்துக்கு நிழல் விழுந்திருக்கும். பிள்ளைகளுக்கும் இது தெரியும். "டீச்சர் ஃபினிஷிங் குடுப்பாங்க" என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள்.

அந்த ஃபினிஷிங் அவளுடையது இல்லை. அவளுக்குப் பூ வரும், மலை வரும், வீடு வரும். மனிதர்கள் வரமாட்டார்கள். கணவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். வேலைக்குச் சேர்ந்த வருஷம், முதல் கண்காட்சிக்கு முன்னால், பிள்ளைகளின் படங்களைப் பார்த்து அவள் அழாத குறையாக உட்கார்ந்திருந்தபோது, "குடு, கொஞ்சம் கை வைக்கிறேன்" என்று அவர்தான் பென்சிலை வாங்கினார். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் சாப்பாட்டு மேசையில் அந்த வேலை நடந்தது.

"உன் ஸ்கூல்ல எந்தப் பிள்ள வரைஞ்சாலும் ஒரே மூக்குதான், கவனிச்சியா?" என்பார். "அத்தனையும் என் மூக்கு. ஒரு நாள் எவனாவது அளந்து பாத்துக் கண்டுபிடிச்சுடுவான், டீச்சரம்மா."

யாரும் அளந்து பார்க்கவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. முதல் வருஷம் சொல்லியிருந்தால் அது ஒரு வேடிக்கையாகப் போயிருக்கும்.

அந்த வாசல் படத்தை வரைந்தது, வகுப்பில் எல்லோரும் 'கொசு' என்று கூப்பிடும் பெண். உடம்பு சிறியது, குரல் அதைவிடச் சிறியது. காதருகே வந்தால்தான் கேட்கும். 'என் வீடு' என்று தலைப்புக் கொடுத்தபோது மற்றவர்கள் கூரையும் புகைபோக்கியும் பூச்செடியும் போட்டார்கள். கொசு இதைப் போட்டாள்.

"மூஞ்சி எங்க?" என்று கேட்டாள் அவள்.

"எனக்கு ஞாபகம் இல்ல டீச்சர்."

"அப்பா போட்டோ இருக்கும்ல?"

"இருக்கு. அதப் பாத்துப் போட்டா அது போட்டோதான் டீச்சர். இது அப்பா."

அன்றைக்கு அவள் அந்த மேசைப்பக்கத்திலிருந்து நகர முடியாமல் நின்றாள். இத்தனை வருஷ வேலையில், தன்னிடமிருந்து வராத, தன் வீட்டு மேசையிலிருந்தும் வராத ஒன்று ஒரு பிள்ளையிடமிருந்து வந்திருப்பது புரிந்தது. "இது முடிஞ்சிடுச்சு. இனிமே இதத் தொடாதே, என்ன?" என்றாள். கொசு தலையாட்டினாள்.

பிறகு தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்தார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர், அதற்கு முன்னால் நின்று, "இது இன்னும் முடியல போல" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். கண்காட்சிக்குக் கல்வி அதிகாரி வருகிறார் என்பதையும் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் மிரட்டவில்லை. அன்று மாலை வீட்டுக்கு எடுத்துப்போகிற படக்கட்டுக்குள் அந்தப் படத்தையும் அவளே வைத்தாள்.

கணவர் அதைக் கைநீட்டிப் பிடித்துப் பார்த்தார். அப்போதே அவரால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச முடியாது.

"இதுக்கு என்ன குறைச்சல்?"

"மூஞ்சி இல்லியே."

"வேணும்னே விட்டிருக்கா."

"எனக்குத் தெரியாதாங்க? பாக்க வர்றவங்களுக்குத் தெரியணுமே. அரகுறையா மாட்டி வச்சிருக்காங்கம்பாங்க."

அவர் படத்தைக் கட்டின் அடியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அடுத்த நாளும் அது அடியிலேயே இருந்தது. அதற்கடுத்த நாளும். நேற்று மாலை, மற்றதெல்லாம் முடிந்த பிறகு, "அது ஒண்ணுதான் பாக்கி" என்றாள் அவள்.

"இது யாரு மூஞ்சின்னு நான் போடறது?"

"யாரோ ஒரு அப்பா. போட்டுடுங்களேன், எனக்காக."

அவர் அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அவருடைய அக்கா முதுகுக்கு ஒரு தலையணையைக் கொடுத்தார். கணவர் பிரஷை எடுத்தார். முடித்ததும், "சரியா இருக்கா பாரு" என்றுகூடக் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு படுக்கப் போனார்.

அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், தம்பிக்கு உடம்பு மோசமானதிலிருந்து இங்கேதான் இருந்தார். டெலிபோன் அலுவலகத்தில் இணைப்புக் கொடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ பேருடைய சண்டையும் அழுகையும் காதில் விழுந்தும் ஒரு சொல் வெளியே விடாத வேலை. அந்தப் பழக்கம் வீட்டிலும் இருந்தது. கேட்பார், பேசமாட்டார். இப்போது தம்பியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரே வார்த்தைகளில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "தூக்கத்துலதான் போனான். கஷ்டப்படல."

வெயில் ஏறியதும் பள்ளி வேன் வந்து நின்றது. தலைமையாசிரியர் இறங்கினார். பின்னால் உடற்பயிற்சி ஆசிரியர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'விசில்'. துக்க வீட்டுக்கு வரும்போதும் கழுத்தில் கயிறு தொங்கியது, விசிலை மட்டும் சட்டைக்குள் போட்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் சீருடையில் ஐந்தாறு பிள்ளைகள். கடைசியில் கொசு.

பிள்ளைகள் வரிசையாக வந்து கட்டிலருகே நின்றார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒருவர் காலை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் இருமலை அடக்கிக் கண்ணில் நீர் வரவழைத்துக்கொண்டான். "தண்ணி குடிச்சிட்டு வா போ, நீயும் போய்ச் சேந்துடாத" என்று விசில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

தலைமையாசிரியர் அவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "கண்காட்சியத் தள்ளி வைக்கலாம்னுதான் மொதல்ல நெனச்சேன் டீச்சர். அதிகாரி தேதி குடுத்துட்டாங்க. நீங்க வர வேணாம். சாருக்கு ரெண்டு நிமிஷம் மௌனமா நின்னுட்டுத்தான் ஆரம்பிப்போம்." கொஞ்சம் நிறுத்தினார். "தப்பா நெனைக்காதீங்க... அந்தப் படங்க..."

"உள்ள இருக்கு சார். எடுத்துத் தர்றேன்."

அந்தப் பேச்சு அவளுக்கு ஆறுதலாக இருந்தது. இன்றைக்கு அப்படி இருக்கக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அறைக்குப் போய்க் கட்டிலில் கிடந்த படங்களை அடுக்கினாள். பிள்ளைகள் வாசற்படியில் நின்று வாங்கிக்கொண்டார்கள். தங்கள் படத்தைத் தேடி எடுத்து, "டேய், என் பானை உக்காந்துடுச்சுடா" என்று ஒருவன் கிசுகிசுத்தான். "டீச்சர் கைடா." இன்னொருத்தி அவனைக் கிள்ளினாள்.

கொசு படக்கட்டை இரண்டுமுறை புரட்டினாள். பிறகு அருகில் வந்தாள்.

"என்னோடது இதுல இல்ல டீச்சர்."

"இருக்கும் பாரு."

"பாத்துட்டேன்."

"ஸ்கூல்லயே விட்டிருப்பேன். பீரோவுல இருக்கும்."

"நீங்க எடுத்துட்டுப் போனீங்க டீச்சர். கட்டுக்குள்ள வச்சத நான் பாத்தேன்."

குரல் குற்றம் சொல்லவில்லை. தகவல் சொன்னது. அவள், "வீடே தலைகீழா கெடக்கு, எங்க போச்சோ, தேடித் தர்றேன்" என்றாள். கொசு உடனே தலையாட்டினாள். இந்த வீட்டில், இன்றைக்கு, ஒரு படத்தைப் பற்றிக் கேட்டதற்காக அந்தப் பெண் வெட்கப்படுவது தெரிந்தது.

அப்போது நாத்தனார் அறைக்குள் வந்தார். கட்டிலுக்குப் போட வேறு விரிப்பு வேண்டும் என்று அலமாரியைத் திறந்தார். அவள் "அண்ணி, நான் எடுக்கறேன்" என்று எழுந்தாள். எழுவதற்குள் விரிப்போடு தாளும் வெளியே வந்துவிட்டது.

நாத்தனார் அதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். காலையிலிருந்து உலர்ந்து கிடந்த முகம் முதல்முறையாக இளகியது.

"இத ஏம்மா இங்க வச்ச? இதுதான அவன் கடைசியா கை வச்சது." வாசலில் நின்ற தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். "இதையும் கொண்டு போங்க சார். நேத்து சாயங்காலம் என் தம்பி போட்டது. உக்கார முடியாம உக்காந்து போட்டான்."

தலைமையாசிரியர் படத்தை வாங்கினார். "சார் வரைவாரா? டீச்சர் ஒரு வார்த்தை சொன்னதில்லையே!" என்றவர் படத்தை நன்றாகப் பார்த்தார். "அட, இது அந்தப் பொண்ணு படமில்ல? மூஞ்சி இல்லாம இருந்துச்சே."

கொசு அவர் கைக்குக் கீழிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வை முகத்தில் போய் நின்றது. பிறகு பைக்கு, காலுக்கு, கதவுக்கு என்று ஒவ்வொன்றாகப் போய், தன்னுடையதெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி முகத்துக்கு வந்தது. அழவில்லை. அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"முடிஞ்சிடுச்சுன்னீங்களே டீச்சர்."

முன்னறையில் மின்விசிறி கடகடத்தது. நான்தான் போடச் சொன்னேன், அவர் வேண்டாமென்றார். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அது நாக்கு வரை வந்ததா, வரவில்லையா என்பது பிறகு யோசித்தபோதும் அவளுக்குத் தெரியவில்லை. தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவருக்கு நேத்து நிதானமே இல்லம்மா" என்றாள். "மாத்திரை மயக்கம். நான் அடுப்படியில இருந்தேன், பாக்கல. ஏதோ ஞாபகத்துல... தெரியாம உன் படத்துல கை வச்சுட்டாரு."

குரல் இயல்பாக வந்தது. துயரத்தில் உடைந்தது போலக்கூட இருந்தது. இத்தனை வருஷத்தில் இது அவர் கை என்று அவள் வெளியே சொன்னது இதுதான் முதல் முறை.

"த்சொ" என்றார் தலைமையாசிரியர். "கடைசி நேரத்துல அப்படித்தான் ஆகும். எங்க அப்பாவும் சுவத்துல என்னென்னமோ எழுதினாரு." படத்தைக் கொசுவிடம் கொடுத்தார். "பரவாயில்லம்மா. நல்லாத்தான இருக்கு? இப்பத்தான் படம் முழுசா இருக்கு."

அவள் நாத்தனாரைப் பார்க்காமலிருக்க முயன்றாள். முடியவில்லை. நாத்தனார் விரிப்பை மார்போடு அணைத்தபடி நின்றார். முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. முகத்தில் வந்திருந்த இளக்கம், விளக்கை அணைத்த அறைபோல், இருந்த இடம் தெரியாமல் போனது. ஒரு சொல் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். சொன்னால் நல்லது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நாத்தனார் விரிப்பை உதறிப் பார்த்து, அலமாரியைச் சாத்திவிட்டு, முன்னறைக்குப் போய்விட்டார்.

"சாருக்குத் தெரியாதில்ல டீச்சர்" என்றாள் கொசு. ஆறுதல் சொல்கிற குரல். "நீங்க அழாதீங்க." அவள் அழவில்லை. அழுதுகொண்டிருப்பதாக அந்தப் பெண் நினைத்திருந்தாள்.

"போலாமா? வண்டிய எடுக்கச் சொல்றாங்க, தெருவ அடைக்குதாம்" என்று விசில் அவசரப்படுத்தினார். பிள்ளைகள் படக்கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். கொசு மட்டும் கட்டிலருகே நின்றாள். படத்தை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, கிடந்தவரின் காதருகே குனிந்தாள். அவளுக்கு எல்லோரிடமும் அப்படித்தான் பேசத் தெரியும்.

"பரவாயில்ல சார்" என்றாள்.

சின்னக் குரல்தான். தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்டது. அறை வாசலில் நின்றவளுக்கும் கேட்டது. தையல்காரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "பாத்தியா, பிள்ளைங்க எவ்வளவு பாசமா இருந்திருக்குங்க" என்றாள்.

கொசு வெளியே போனாள். வேன் மேல் மோதாமல் படத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு ஒட்டிப் பிடித்திருந்தாள். வரைந்த பக்கம் உள்ளே இருந்தது. தெருவுக்கு வெறும் தாள்தான் தெரிந்தது. விசில் கை கொடுத்து அவளை ஏற்றிவிட்டார். கதவு சாத்திக்கொண்டது.

பேருந்து நிலையத்தில் இறங்கிவிட்டதாக மகன் போன் செய்தான். எலக்ட்ரீஷியன் அவனைக் கூட்டிவர வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தையல்காரி அவள் தோளைப் பிடித்து மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தாள். "வாங்க, அவர் பக்கத்துல உக்காருங்க. எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருப்பீங்க."

தலைமாட்டில் ஒரே நாற்காலி. நாத்தனார் எழுந்தார்.

"உக்காரு" என்றார். அவ்வளவுதான். அவளைத் தாண்டி நடந்து ஜன்னலருகே போய், தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

அவள் உட்கார்ந்தாள். நாற்காலியில் இன்னும் சூடு இருந்தது. எல்லோரும் அவளையே பார்ப்பது தெரிந்தது. அவர் முகத்தைப் பார்ப்பாள், அப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தார்கள். அவள் முகத்தின் பக்கம் திரும்பவில்லை. புது விரிப்பின் ஓரம் கட்டிலில் நேராக விழுந்திருந்தது. அதை எடுத்து உள்ளங்கையால் நீவிச் சரி செய்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரி செய்தாள்.